மூன்றாம் தொகுதி

ஜனவரி 6, செவ்வாய்

தாத்தா தினமும் என்ன செய்கிறார், என்ன பேசுகிறார் என்று ஒன்று விடாமல் எழுதி வைக்க வேண்டுமாம். பேத்தி மங்கை உத்தரவு. மதுரையில் டாக்டருக்குப் படிக்கிறாள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் முதல் டாக்டர் அவள்தான், அதனால் சொன்னால் கேட்க வேண்டியிருக்கிறது. "மறைக்காம எழுதணும் ஆச்சி. எங்க சார்கிட்ட காட்டப் போறேன்" என்றாள். மறைக்க என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை என்று அவளுக்கும் அவள் சாருக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் என் எழுத்து இவுக எழுத்தைவிட நன்றாக இருக்கும். இவுக எழுத்தில் வாக்கியம் எங்கே முடிகிறது, கையெழுத்து எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாது.

இன்றைக்கு: குளித்தாக. இட்லி சாப்பிட்டாக. பேப்பர் பார்த்தாக. அப்புறம் வந்து, "ஆவுடை, இன்னைக்கு இட்லி கிடையாதா" என்று கேட்டாக. திரும்பவும் வைத்தேன், சாப்பிட்டாக. எண்பது வயதில் இப்படிப் பசிக்கிற ஆள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அதையும் சாரிடம் சொல்லட்டும்.

ஜனவரி 9, வெள்ளி

மளிகைக் கடைக்கு எழுதிய சீட்டை மேசையில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். வந்து பார்த்தால் துவரம்பருப்புக்குப் பக்கத்தில் பச்சை மையில் "பேசவும்" என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் பதிவாளராக இருந்த காலத்தில் மனசுக்குப் பிடிக்காத கோப்பு வந்தால் இப்படித்தான் எழுதித் திருப்புவாகளாம். கோப்பு அனுப்பியவர் நேரில் போய் நின்று பதில் சொல்ல வேண்டும்.

நான் போய் நின்றேன். "துவரம்பருப்பப் பத்தி என்ன பேசணும்?"

மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாக. "நீங்க எந்தத் துறை?"

"சமையல் துறை."

"உட்காருங்க."

அடுப்பில் பால் பொங்குகிறது, எனக்கு உட்கார நேரமா? விளையாட்டுக்கு ஒரு அளவு வேண்டும்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். நல்லபடியாக இருந்தாக. வேறு எழுத நேரமில்லை.

ஜனவரி 19, திங்கள்

அச்சகத்துக்காரர் போனில் என்னிடம் அழாத குறை.

மார்ச் கடைசியில் பல்கலைக்கழகத்தில் இவுகளுக்கு எண்பதாம் வயது விழா. துணைவேந்தர் தலைமை. அதில் கதைப்பாடல் மூன்றாம் தொகுதியை வெளியிடுவதாக அழைப்பிதழே அடித்துவிட்டார்கள். வில்லுப்பாட்டு நடக்கிற ஊர்கள் ஒவ்வொன்றாகப் போய், பாடுகிறவர்கள் வாயிலிருந்து கேட்டுச் சேர்த்த பாட்டுகள். முதல் இரண்டு தொகுதிகளும் எங்கள் ஆவுடை பதிப்பகம்தான் போட்டது. ஆவுடை நான்தான். பேர் வைத்ததற்குக் கூலியாக ஆயுசு முழுக்கப் புரூப் வாசிக்கிறேன். கையெழுத்துப் பிரதியை நான் கமா, புள்ளி எல்லாம் வாய்விட்டுச் சொல்லி வாசிக்க வேண்டும். இவுக அச்சடித்த தாளைப் பார்த்துக்கொண்டே வந்து சிவப்பு மையில் திருத்துவாக. அப்படித்தான் அத்தனை புத்தகமும் வெளியே போயிருக்கிறது.

"அம்மா, முதல் பாரத்தையே இன்னும் தாண்டல" என்கிறார் அச்சகத்துக்காரர். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். "ஐயா ஒரு வரிய மாத்துதாங்க. நான் மாத்திக் கொண்டு வாரேன். அடுத்த தடவ, பழையபடியே வைங்காங்க. அதுக்கடுத்த தடவ மறுபடியும் மாத்துதாங்க."

"பெரியவங்க நுணுக்கமாத்தான் பாப்பாங்க" என்று போனை வைத்துவிட்டேன். வைத்துவிட்டு உள்ளே போய் இவுகளிடம் சண்டை போட்டேன். நேற்றும் முதல் பாரம், இன்றும் முதல் பாரம். அந்தப் பதினாறு பக்கமும் எனக்குத் தூக்கத்தில் வருகிறது. "இத நேத்தே பார்த்தோம்லா" என்றால், "நேத்துப் பார்த்தது வேற புரூப்" என்கிறாக. படித்தவர்களிடம் வாயாட முடியாது.

ஜனவரி 25, ஞாயிறு

தலை வலிக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

வண்ணார்பேட்டையில் கல்யாணம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் செய்கிற வேலை, பேராசிரியர் மாசானமுத்து எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பது. பிறகு இவுகளை அதற்கு எதிர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போவது. முப்பது வருஷமாக இந்த ஊர்க் கல்யாணங்களில் இதுதான் நடக்கிறது. சாப்பாட்டுப் பந்தியில்கூட எங்களை முதல் பந்தியில் போட்டால் அவரை இரண்டாம் பந்தியில் போடுவார்கள். கல்யாண வீட்டுக்காரர்களுக்கே அது பழகிப்போயிற்று.

மங்கைக்கு இந்தக் கதை தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் இவுகளும் மாசானமுத்துவும் ஒரே துறை. இரண்டு சைக்கிள், ஒரு டேப் ரெக்கார்டர், சனி ஞாயிறு ஆனால் ஊர் ஊராகப் போய்விடுவார்கள். முதல் தொகுதியில் இரண்டு பேர் பெயரும் பதிப்பாசிரியர் என்று இருக்கிறது. இவுக பதிவாளர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் இரண்டாம் தொகுதி வந்தது. அதில் இவுக பெயர் மட்டும்தான். மாசானமுத்துவை நன்றியுரையில் போட்டிருந்தாக. அதற்கு ஏதோ காரணம் இருந்திருக்கும். அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? இரண்டாம் தொகுதியில் இருக்கிற பிழைகளை எல்லாம் திரட்டி ஒரு சிறு புத்தகமாக அடித்து, பல்கலைக்கழகத்துக் கருத்தரங்க வாசலில் நின்று வருகிறவர் போகிறவர் கையில் எல்லாம் கொடுத்தார். சர்க்கஸ் நோட்டீஸ் கொடுக்கிற மாதிரி. எனக்கும் ஒன்று நீட்டினார். நான் வாசித்த புரூப்பில் இத்தனை பிழையா என்று அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை. அதோடு பேச்சு நின்றது. பாட்டுகளில் பாதி அவர் வசம் இருந்தது, மூன்றாம் தொகுதியும் நின்றது. இப்போது விழாவுக்காக, இவுக வசம் இருக்கிற பாதியை வைத்து அடிக்கிறார்கள்.

இன்றைக்கு நான் மாப்பிள்ளையின் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசத் திரும்பினேன். அதற்குள் இவுக எழுந்து, நேரே அந்தப் பக்க வரிசைக்குப் போய், மாசானமுத்து கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாக.

"ஏ மாசானம், எங்கய்யா போன, ஆளையே காணோம்? மூணாந் தொகுதி அப்படியே கிடக்கு. சனிக்கிழம வீட்டுக்கு வா."

மண்டபத்தில் நாதஸ்வரம் வாசிக்கிறார்கள், ஆனால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முன்வரிசையில் இருந்த பழைய ஆட்கள் எல்லாரும் தட்டில் வைத்த சந்தனம் மாதிரி அசையாமல் இருக்கிறார்கள். மாசானமுத்துவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கையை உருவிக்கொள்ளவும் இல்லை. "வாரேன்" என்று மட்டும் சொன்னார்.

ஆட்டோவில் வரும்போது கேட்டேன், "அவர்கிட்ட நாம பேசுறதில்லைன்னு மறந்துபோச்சா?"

"யார்கிட்ட?"

"மாசானமுத்துகிட்ட."

"மாசானத்துகிட்ட நான் எதுக்குப் பேசாம இருக்கணும்?" என்று என்னைப் பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாக.

இத்தனை வருஷமாக இவுகளுக்காக நான் அந்த மனுஷனைப் பகைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவர் சம்சாரம் செத்தபோது துஷ்டிக்குக்கூடப் போகவில்லை. இப்போது இவுகளுக்கு மட்டும் ஒன்றுமில்லை.

ஜனவரி 26, திங்கள்

மங்கை போன் செய்தாள். எழுதுகிறேனா என்று கேட்டாள். எழுதுகிறேன், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன்.

ஜனவரி 31, சனி

வந்துவிட்டார். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார். "சௌக்கியமா அம்மா" என்றார். முன்பெல்லாம் மதினி என்று கூப்பிட்டவர். நானும் "வாங்க சார்" என்று நிறுத்திக்கொண்டேன்.

இவுகளுக்கு வாய் ஓயவில்லை. எந்த ஊரில் சைக்கிள் பஞ்சர் ஆனது, எந்தக் கோயில் கொடைக்கு விடிய விடிய உட்கார்ந்தோம், பாடின கிழவர் காசு வேண்டாம், சுருட்டு வாங்கிக் கொடு என்றது, எல்லாம் நேற்று நடந்த மாதிரி சொல்கிறாக. மாசானமுத்து கேட்டுக்கொண்டே இருந்தார், எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிறவர் மாதிரி. பிறகு மேசையில் கிடந்த புரூப்பைக் கையில் எடுத்தார். புரட்டினார். எல்லாம் முதல் பாரம். ஒன்றின் மேல் ஒன்றாகச் சிவப்பு மை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நான் காப்பி டம்ளரை எடுக்கிற சாக்கில் அந்தத் தாள்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

போகும்போது வாசலில் நின்று சொன்னார். "அம்மா, நான் ஒரு வார்த்தைக்காகத்தான் வந்தேன். உம்ம பேர எடுத்தது தப்புன்னு அவர் ஒரு வார்த்த சொல்லியிருந்தா, என்கிட்ட இருக்க பாட்டு அத்தனையும் இன்னைக்கே கொண்டாந்து போட்டிருப்பேன். அவர் சுருட்டுக் கத பேசுதாரு."

"அவுகளுக்கு அது பெரிய விஷயமாத் தோணியிருக்காது" என்றேன்.

"எனக்கு அதவிட்டா வேற பெரிய விஷயமே இல்ல" என்று சொல்லிவிட்டுக் குடையை மடக்கினார்.

திமிர் குறையவில்லை. போகட்டும்.

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் இவுக சட்டை போட்டு, பையை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழக பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் நின்றாக. நடப்பது உடம்புக்கு நல்லது. பக்கத்து வீட்டுத் தம்பி ஸ்கூட்டரில் கூட்டிவந்தது.

பிப்ரவரி 3, செவ்வாய்

கத்திரிக்காய் வாங்கப் போனேன். சாந்தி நகரில் கத்திரிக்காய் நன்றாக இருக்கும். அங்கே மாசானமுத்து வீடு இருக்கிறது, கதவு திறந்திருந்தது, போய்விட்டு வந்தேன். மனைவி படத்துக்குப் பூ போட்டிருந்தார். படத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை, சாருக்கு அது தேவைப்படாது.

"அன்னைக்குப் புரூப் பார்த்ததுமே எனக்கு மனசுல பட்டுது. நானா எதுக்குச் சொல்லணும்னு இருந்தேன்" என்றார்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. விழா முடியட்டும்."

"நான் வாசல்ல நின்னு நோட்டீஸ் குடுப்பேன்னு நினைக்கீங்களா?" என்றார். சிரிக்கிறாரா குத்துகிறாரா என்று தெரியவில்லை. நானும் விடவில்லை. "குடுத்த ஆள்தான நீங்க" என்றேன்.

கத்திரிக்காய் வாங்க மறந்துவிட்டேன். எனக்கும் மறதி வரத்தான் செய்கிறது. எல்லாருக்கும் வரும்.

பிப்ரவரி 5, வியாழன்

ரெக்சின் பை நிறையப் பாட்டுகளோடு வந்தார். "அந்த வார்த்த எனக்கு வேணும். அதக் கேக்காம புத்தகம் அச்சுக்குப் போகாது. ஆனா வேலைய ஆரம்பிப்போம்" என்றார். வராது என்று தெரிந்துகொண்டே கேட்கிற ஆளை என்ன செய்வது?

பிப்ரவரி 12, வியாழன்

எனக்குக் காப்பி போட்டே கை ஓய்ந்துவிட்டது. தினமும் பத்து மணிக்கு வருகிறார். தினமும் இவுக, "ஏ மாசானம், ஆளையே காணோம்" என்கிறாக. "இப்பத்தான் நேரம் கிடைச்சுது" என்கிறார் அவர், நேற்று வராத ஆள் மாதிரி. மத்தியானம் இவுக தூங்கி எழுந்து வந்தால் மறுபடியும் "ஆளையே காணோம்". மறுபடியும் காப்பி. நானாக இருந்தால் இரண்டாம் நாளே எரிந்து விழுந்திருப்பேன்.

ஆனால் வேலை நடக்கிறது. நான் வாசிக்கிறேன், மாசானமுத்து புரூப் பார்க்கிறார், இவுக சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடக்கிறாக. தூங்குகிறாக என்று நினைத்தால், நடுவில் எங்கேயாவது கையைத் தூக்கி, "அங்க ரெண்டு வரி விட்டுப்போச்சு" என்று அந்த இரண்டு வரியையும் ராகத்தோடு பாடுகிறாக. மாசானமுத்து டேப்பைப் போட்டுப் பார்க்கிறார். சரியாக இருக்கிறது. துவரம்பருப்பு எது, கடலைப்பருப்பு எது என்று தெரியாத ஆளுக்கு இது எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். மாசானமுத்து என்னைப் பார்த்தார். நான் தாளைத் திருப்பி அடுத்த வரியை வாசித்தேன்.

பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. அச்சகத்துக்காரர் எனக்கு போனில் கும்பிடு போடுகிறார்.

பிப்ரவரி 18, புதன்

கடைசிப் பாரம். தலைப்புப் பக்கம் மட்டும் பாக்கி. "பதிப்பாசிரியர்" என்று அச்சடித்து, கீழே பெயருக்கு இடம் விட்டுக் கொண்டு வந்து கொடுத்தார்கள். மாசானமுத்து அந்தத் தாளை இவுக மடியில் வைத்து, "பேர எழுதும்" என்றார். இவுக பேனாவைத் திறந்து, பச்சை மையில் "பேசவும்" என்று எழுதிக் கொடுத்தாக.

மாசானமுத்து அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"நானே எழுதிக் குடுத்துடுவேன் அம்மா, ரெண்டு பேர் பேரையும். யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா அது நானே என் பேர போட்டுக்கிட்டதாத்தான ஆகும்?"

நான் ஒன்றும் மன்னிப்புக் கேட்கவில்லை. என் புருஷனுக்காக இன்னொருவரிடம் போய்க் கையேந்துகிற ஆள் இல்லை நான். அடுப்பை அணைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, நடந்தது சரியில்லை என்று மட்டும் சொன்னேன். நன்றியுரையில், டேப் ரெக்கார்டர் கொடுத்த கடைக்காரருக்கும் கீழே உங்க பேர் இருந்தது, அதை வாசித்த அன்றைக்கே எனக்குக் கஷ்டமாக இருந்தது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"நீங்க சொல்லி என்ன மதினி" என்றார். "நீங்களா என் பேர எடுத்தீங்க?"

மதினி என்று சொன்னதை அவர் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

மாசானமுத்து வரவில்லை. புத்தகமும் போகவில்லை. இவுக வாசலையே பார்த்துக்கொண்டு, "இன்னைக்கு யாரோ வரணும்லா" என்கிறாக. யார் என்றால் சொல்லத் தெரியவில்லை.

பிப்ரவரி 21, சனி

வரவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

காலையிலேயே ஒரு மாதிரியாக இருந்தது. இவுக தானாகவே முகச்சவரம் செய்துகொண்டு, தேய்த்த வெள்ளைச் சட்டை கேட்டாக. இட்லியை ஒரு தடவைதான் சாப்பிட்டாக. "மங்கைக்குப் பரீட்ச எப்ப" என்று கேட்டாக. பேரைச் சொல்லிக் கேட்டாக. மேசையில் அடுக்கியிருந்த புரூப்பை முழுக்கப் புரட்டி, "பரவால்லயே, முடிச்சிட்டேனே" என்றாக.

அந்த நேரம் பார்த்து மாசானமுத்து வந்தார். ஐந்தாறு நாள் யோசித்துவிட்டு, சரி, ரெண்டு பேர் பேரையும் போட்டு அனுப்பிவிடுவோம் என்று சொல்லத்தான் வந்தாராம், வாசலிலேயே என்னிடம் சொல்லிவிட்டார். உள்ளே போய் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆளையே காணோம்" என்பதற்குத் தயாராகச் சிரித்த முகமாக இருந்தார்.

இவுக பேப்பரைக் கீழே வைத்தாக.

"நீரு இங்க என்ன செய்யுதேரு?"

கோபம் வந்தால் இவுகளுக்கு மரியாதை வந்துவிடும். நீ போய் நீர் வரும். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

மாசானமுத்துவுக்குச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "புரூப் பார்க்க வந்தேன்" என்றார்.

"புரூப்பா? இன்னொரு பிழைப் புத்தகம் போடவா? வாசல்ல நின்னு குடுத்தேரே, ஊர் சிரிச்சுதே, ஞாபகம் இருக்கா? ஆவுடை, இவரை யாரு உள்ள விட்டா?"

நான் ஓடிப் போய் நடுவில் விழுந்திருக்க வேண்டும். விழத்தான் போனேன். மாசானமுத்து என்னைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினார். எழுந்து நின்றார். எழுபத்தைந்து வயது ஆள், அடிக்கப் போகிறவர் மாதிரி நின்றார்.

"எனக்கு ஞாபகம் இருக்கு. உமக்கு இருக்கா? சைக்கிள் மிதிச்சது நான், டேப்பக் கேட்டுக் கேட்டு எழுதுனது நான். என் பேர எங்க வே போட்டீரு?"

"நன்றியுரைல போட்டேன்."

"ரேடியோ கடைக்காரனுக்குக் கீழ."

"அவன் டேப் ரெக்கார்டர் தராட்டா நீரு என்னத்தக் கேட்டிருப்பேரு?"

"நான் இல்லாட்டா நீரு என்னத்தப் பதிப்பிச்சிருப்பேரு?"

நான் சமையலறைக்கு வந்துவிட்டேன். சமையல் மேடையில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உள்ளே இன்னும் நடக்கிறது. இரண்டு குரலும் தெருவரைக்கும் போகிறது. எதிர்வீட்டுக்காரி ஜன்னல் பக்கம் வந்து, "என்ன அக்கா, சண்டையா?" என்றாள். "புத்தக வேல நடக்குது, போ" என்றேன்.

இவுக சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "பதிவாளர் பதவிக்குப் பேர் போயிருந்த நேரம் வே. தனிப் பதிப்பாசிரியர்னு ஒரு புத்தகம் இருந்தா நல்லதுன்னு சொன்னாங்க. எடுத்தேன். தப்புதான். தப்பில்லன்னு யார் சொன்னா? அதுக்காக வாசல்லயா நிப்பீரு? வீட்டுக்கு வந்து என் சட்டையப் பிடிச்சிருக்க வேண்டியதுதான வே?"



பிறகு மாசானமுத்து குரல், உடைந்துபோய், ஆனால் கத்திக்கொண்டேதான்: "வந்தேன் வே. ரெண்டு தடவ ஆபீசுக்கு வந்தேன். மீட்டிங்ல இருக்கேன்னு பியூனை விட்டுச் சொல்லி அனுப்புனீரு."

"அது நிஜமான மீட்டிங்."

"ரெண்டு தடவையுமா?"

மறுபடியும் தொடங்கிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் தொண்டை வறண்டிருக்கும். ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய் வைக்கலாம். வைக்கவில்லை. நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும்.